ஏழு பேர் கையெழுத்திட்ட ஆணை

ஆவண அணுகல் வாரியம் என்று ஒன்று சேலத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் வாரியத்துக்கும் வருத்தமில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அது இயங்குகிறது. படியேறும்போது மிளகாய் நெடி மூக்கில் ஏறும். தும்மிக்கொண்டே வருபவர் பொதுமக்கள், தும்மாமல் வருபவர் ஊழியர் என்று வாசலில் இருக்கும் காவலாளி பிரித்துக்கொள்வார்.

அலுவலகங்கள் வெளியிடும் ஆணைகளையும் படிவங்களையும் பார்வையற்றவர்கள் தாங்களே படிக்கும்படி செய்வதுதான் வாரியத்தின் வேலை. பார்வையற்றவர்கள் கணினியில் திரைவாசிப்பான் என்றொரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். திரையில் இருக்கும் எழுத்தை அது குரலாக வாசிக்கும். எழுத்து எழுத்தாக இருந்தால் போதும், வேறெதுவும் அது கேட்பதில்லை. இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு வாரியமா என்று கேட்பவர்கள் வாரியத்தைப் பார்த்ததில்லை.

ஜெகதீஸ்வரன் ஓமலூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். எட்டு வயதில் வந்த காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோனது. படிப்பைக் கொண்டுபோக முடியவில்லை, எம்.ஏ. வரலாறு முடித்தார். ஒரு லாரி புக்கிங் ஆபீசில் போன் எடுக்கும் வேலை. எந்த வண்டி எந்தச் சுங்கச்சாவடியில் நிற்கிறது என்று டிரைவரைவிட முந்திச் சொல்வார். அந்த ஆபீசை அடுத்த மாதம் மூடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி தனப்பிரியாவுக்கு ஏழாவது மாதம்.

இந்த நேரத்தில்தான் வாரியம் ‘வாசிப்புப் பரிசோதகர்’ என்று ஒரு பதவியை உருவாக்கியது. ஆவணங்களைத் திரைவாசிப்பானில் ஓடவிட்டு, படிக்க முடிகிறதா என்று பார்க்கிற வேலை. பார்வையற்றவருக்கே உரிய ஒரே இடம். தேர்விலும் நேர்காணலிலும் ஜெகதீஸ்வரன் முதலாவதாக வந்தார். பத்தாம் தேதி மின்னஞ்சலில் தேர்வு ஆணை வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: “இணைப்பில் உள்ள ஆணையைப் பிறர் உதவியின்றி நானே முழுவதும் வாசித்துப் புரிந்துகொண்டேன்” என்று முப்பதாம் தேதிக்குள் உறுதிமொழி தர வேண்டும். தராவிட்டால் தேர்வு ரத்து.

ஜெகதீஸ்வரன் இணைப்பைத் திறந்தார். திரைவாசிப்பான் சொன்னது: “படம். படம். படம். படம். படம். படம். ஆவணம் முடிந்தது.”

“எனக்கென்னமோ எழுத்தாத்தான் தெரியுது. நான் படிக்கட்டுங்களா?” என்றாள் தனப்பிரியா.

“வேண்டாம். பிறர் உதவியில்லாமன்னு போட்டிருக்குது.”

“ஊட்டுக்குள்ள நான் படிச்சா அவிங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?”

“எனக்குத் தெரியுமே” என்றார் ஜெகதீஸ்வரன். இப்படிப்பட்டவரை வேலைக்கு எடுத்தால் என்னென்ன தொல்லை வரும் என்று வாரியம் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஆப் ஒன்று அவருடைய போனில் இருந்தது. முதல் பக்கத்தில் அது வட்ட முத்திரையில் மாட்டிக்கொண்டு “வாரி ஆவ வாரி ஆவ” என்று சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாவது பக்கத்தைத் தலைகீழாக ஸ்கேன் செய்திருந்தார்கள். மூன்றாவது பக்கத்தில், “ஒரு கட்டைவிரல் தெரிகிறது” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

அடுத்த நாள் தும்மிக்கொண்டே மாடியேறினார். கண்காணிப்பாளர் பாலசுந்தரம் அன்பாக வரவேற்றார். அவர் யாரையும் விரட்டுகிற ஆள் இல்லை. உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, முடியாது என்று சொல்லுவார்.

“ஆணையைப் படிக்க முடியலைங்க சார். ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கீங்க. கம்ப்யூட்டருக்கு அது வெறும் போட்டோங்க” என்றார் ஜெகதீஸ்வரன்.

“போட்டோவா இருந்தா என்ன தம்பி? எவ்வளவு தெளிவா இருக்கு! ஏழு பேர் கையெழுத்தும் பளிச்சுன்னு தெரியுது, நீங்களே பாருங்க” என்று திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார் பாலசுந்தரம்.

ஜெகதீஸ்வரன் பார்த்தார் என்றே வைத்துக்கொள்வோம்.

“டைப் அடிச்ச ஃபைல் இருக்குமில்லைங்களா? அதக் குடுத்தாப் போதுங்க.”

“அது வரைவு. வரைவை வெளிய விட்டா என் வேலை போயிரும். அடிச்சதைப் பிரிண்ட் எடுக்கணும். ஏழு பேர் பச்சை மையில போடணும். சீல் வைக்கணும். ஸ்கேன் பண்ணணும். அப்பத்தான் அது ஆணை. அதுவரைக்கும் அது வெறும் எழுத்து.”

“எனக்கு வேண்டியது அந்த வெறும் எழுத்துதானுங்க சார்.”

“அதைக் கேக்காதீங்க. வேற எது வேணும்னாலும் கேளுங்க” என்றார் பாலசுந்தரம். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஷாலினி ஒரு கணம் கையை நிறுத்தினார். அந்தக் கோப்பு அவருடைய கணினியில்தான் இருந்தது. ஒரு நொடியில் அனுப்பிவிடலாம். ஆனால் அவர் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்த ஊழியருக்கு நொடிகள் சொந்தமில்லை.

ஜெகதீஸ்வரன் மனு அனுப்பினார். வாரியம் தூங்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நான்கே நாளில் ‘பார்வைக் குறைபாடு உடையோரின் வசதிக்காக’ ஆணையின் எழுத்துகளை இரண்டு மடங்கு பெரிதாக்கி, புதிதாகப் பிரிண்ட் எடுத்து, ஏழு பேரும் மறுபடி கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். ஆறு படமாக இருந்தது பதினான்கு படமானது. இரண்டாவது மனுவுக்குப் பிறகு வண்ணத்தில் ஸ்கேன் செய்தார்கள். மூன்றாவது மனுவுக்குப் பிறகு, ஆவணத்தின் தரத்தை உயர்த்துவதற்காக ஒவ்வொரு தாளையும் லேமினேஷன் செய்து ஸ்கேன் செய்தார்கள். அதில் ஸ்கேனரின் வெளிச்சம் பட்டுத் தெறித்ததில் கண் தெரிந்தவர்களாலும் படிக்க முடியாமல் போயிற்று. சமத்துவம் என்ற வகையில் இது ஒரு முன்னேற்றம்தான்.

தேதி இருபத்து நாலு ஆகிவிட்டது. ஜெகதீஸ்வரனுக்கு உள்ளே பயம் வந்துவிட்டது. படிக்கத் தெரிந்த மனிதனை, படிக்கும் வேலைக்கு, படிக்கவில்லை என்று தள்ளிவிடுவார்கள் என்று அவர் நினைத்தும் பார்த்ததில்லை.

அப்போதுதான் இயக்குநர் தீனதயாளன் தலையிட்டார். இருபத்தாறாம் தேதி அணுகல் வார விழா. அங்கே மேடையிலேயே ‘முதல் அணுகத்தக்க ஆவணம்’ வெளியிடப்படும். அதுவும் ஜெகதீஸ்வரனின் தேர்வு ஆணையாகவே இருக்கும். அவர் எல்லோர் முன்னாலும் திரைவாசிப்பானில் அதை வாசிப்பார், உறுதிமொழியும் அங்கேயே முடிந்துவிடும். புதிதாக எடுத்த ஸ்கேனை ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருந்தார்கள். அதுவும் படம்தானே என்று யாருக்கும் தோன்றவில்லை. பென்டிரைவ் புதியது.

ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. முந்நூறு பேர். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பார்வையற்றவங்களால ஒரு ஆணையைப் படிக்க முடியலைன்னா அது யாரோட குறை? அவங்க குறை இல்ல. அமைப்போட குறை. அந்த அமைப்பு யாரு? நாமதான். அதைப் பெருமையோட சொல்லிக்கறேன். போன வருசம் மட்டும் நாலாயிரம் ஆணைகளை அணுகத்தக்கதா மாத்தியிருக்கோம். ஒரு புகார் உண்டா? ஒண்ணுகூடக் கிடையாது. புகார்ப் படிவத்தையும் அதே தரத்துல ஸ்கேன் பண்ணித்தான் வெப்சைட்ல வெச்சிருக்கோம்!”

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது.

ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, எலுமிச்சம்பழம், நடுவில் பென்டிரைவ் வந்தது. புது வண்டி எடுத்தாலும் புது இயந்திரம் வாங்கினாலும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் தொடங்கினால் பாலசுந்தரத்துக்கு மனசு ஆறாது. பென்டிரைவுக்கு எது முகம் என்று அவர் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறார். பளபளவென்று இருக்கும் பக்கம்தான் முகம் என்று முடிவு செய்து, கெட்டியாக மஞ்சள் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார். இயக்குநர் அதை அப்படியே கணினியில் சொருகினார்.

கணினி எதையும் காட்டவில்லை. எடுத்துத் திருப்பிச் சொருகினார். கணினிக்குள் கொஞ்சம் மஞ்சள் போயிற்று. ஊதினார். வேட்டி நுனியால் துடைத்தார். முந்நூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் இயக்குநரின் மூச்சு மட்டும் கேட்டது.

“ஏம்மா ஷாலினி! ஏதாவது பண்ணும்மா!” என்று பாலசுந்தரம் பல்லைக் கடித்தார்.

ஷாலினி தன் கைப்பையிலிருந்து சொந்தப் பென்டிரைவை எடுத்து இன்னொரு துளையில் சொருகினார். அதில் ஸ்கேன் இல்லை. அவர் தட்டச்சு செய்த கோப்பு இருந்தது. வெறும் எழுத்து.

ஜெகதீஸ்வரன் விசைகளைத் தட்டினார். மண்டபம் முழுக்கத் திரைவாசிப்பானின் குரல் எழுந்தது: “ஆவண அணுகல் வாரியம். வாசிப்புப் பரிசோதகர் பணிக்கான தேர்வு ஆணை.” பதினாறு நாளாகக் காத்திருந்த எழுத்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. ஆறு நிபந்தனைகள் ஒழுங்காகப் போயின.

“நிபந்தனை ஏழு. விண்ணப்பதாரர் தூய மேச்சேரி இனத்தைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். நிபந்தனை எட்டு. விண்ணப்பதாரர் கொம்பு இல்லாததாகவும், இரண்டு பல் முளைத்ததாகவும், இடது காதில் எண் வில்லை பொருத்தப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும்.”

முந்நூறு பேரும் ஜெகதீஸ்வரனின் தலையைப் பார்த்தார்கள்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. வாரியத்தில் எதையும் புதிதாக அடிக்கும் வழக்கம் கிடையாது. “புதுசா அடிச்சாத் தப்பு வரும், பழைய ஃபைல் மேலயே மாத்திரு” என்பது பாலசுந்தரத்தின் முப்பது வருட அனுபவம். இந்த முறை கிடைத்த பழைய ஃபைல், வாரியத்துக்கு வந்திருந்த செம்மறிக் கிடா வழங்கும் திட்டத்தின் ஆணை. ‘கிடா’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘விண்ணப்பதாரர்’ என்று மாற்றச் சொன்னார், ஷாலினி மாற்றினார். பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதத் தொடங்கினார், ஆறு முடிந்ததும் அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அப்படியே ஏழு பேர் அதில் கையெழுத்திட்டார்கள், மொத்தம் இரண்டு முறை.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்றார் இயக்குநர்.

“முழுவதும் வாசிக்கணும்னு உறுதிமொழில இருக்குதுங்க சார்” என்றார் ஜெகதீஸ்வரன். அவர் நக்கலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

“நிபந்தனை ஒன்பது. ஒரு விண்ணப்பதாரர் முப்பது பெட்டை ஆடுகளுக்குப் போதுமானதாகக் கருதப்படும்” என்று திரைவாசிப்பான் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தது. கடைசி வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். பன்னிரண்டாம் நிபந்தனை வரை அது நிற்கவில்லை. தனப்பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் இயக்குநர் அறையில் விசாரணை நடந்தது.

“இதுக்குத்தான்யா ஸ்கேன் பண்ணிப் போடறது!” என்று இயக்குநர் பாலசுந்தரத்தைப் பார்த்துக் கத்தினார். “எழுத்தா வெளிய விட்டா எவனாவது படிச்சிருவான்னு தெரியாதா? நான் இருபத்தாறு வருசமாக் கையெழுத்துப் போடறேன். ஒரு வரி படிச்சிருப்பேனா? கீழ இருக்கறவங்க மேல அவ்வளவு நம்பிக்கை! நம்பிக்கைலதான் நிர்வாகம் நடக்குது!”

பிறகு ஜெகதீஸ்வரன் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “தம்பி, மென்பொருள் தப்பா வாசிச்சிருச்சுன்னு ஒரு கடிதம் குடுத்துருங்க. நாளைக்கே வேலைல சேந்துக்கலாம்.”

ஒரு கையெழுத்துத்தான். முப்பதாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. ஏழாவது மாதமும் மூடப்போகும் புக்கிங் ஆபீசும் மனசில் வந்து நின்றன.

“அது சரியாத்தானுங்க வாசிச்சுது. தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு, அதையே வெச்சு நாளைக்கு எப்பிடிங்க பரிசோதனை பண்றது?”

“அப்படின்னா ஆணை சரி. ஆணை சரின்னா நிபந்தனையும் சரி. எட்டாம் நிபந்தனைக்குச் சான்றிதழ் கொண்டாங்க” என்றார் இயக்குநர். அவரைப் பொறுத்தவரை அத்தோடு பேச்சு முடிந்தது.

“ஏனுங்க, காதுல வில்லைய மாட்டிக்கிட்டு வரச் சொல்றாங்களா அந்த மகராசனுக?” என்றாள் தனப்பிரியா. வீட்டில் இதைக் கேட்டதும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அழுகை வந்துவிட்டது. ஜெகதீஸ்வரன் சட்டையை மாட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார். மருத்துவர் விஷயத்தைக் கேட்டார், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், பிறகு தன் தலைப்புத் தாளை எடுத்து உள்ளதை உள்ளபடி எழுதினார்: கொம்பு இல்லை. பல் முப்பத்தொன்று. காது இரண்டும் நல்ல நிலையில் உள்ளன.

பாலசுந்தரம் அந்தச் சான்றிதழை வெகு கவனமாகப் பார்த்தார். அவர் முழுதாகப் படித்த முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

“கொம்பு சரி. வில்லையக்கூட அப்புறமாப் போட்டுக்கலாம். பல்லுதான் இடிக்குது தம்பி. இருபத்தொன்பது அதிகமா இருக்கே!”

இருபத்தொன்பதாம் தேதி காலை சென்னையிலிருந்து போன் வந்தது. அந்தக் காலியிடத்தை நிரப்பியாகிவிட்டதா என்று மேலிடம் கேட்டது. நிரப்பியாகிவிட்டது என்றார் இயக்குநர். போனை வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் திருத்த ஆணை வேண்டும் என்றார். பாலசுந்தரம் ஷாலினியிடம், “பழைய ஃபைல் மேலயே மாத்திரும்மா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஷாலினி ஜெகதீஸ்வரனுக்குப் போன் செய்தார். “சார், என்ன அடிக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலை. நீங்க சொல்லுங்க.”

“ஏழுல இருந்து பன்னண்டு வரைக்கும் எடுத்துருங்க. நியமிக்கப்படுகிறார்னு போடுங்க. அப்புறம் ஒண்ணு. ‘பரிசோதகர் திரைவாசிப்பானில் முழுவதும் வாசித்துக் கையொப்பமிடாத எந்த ஆவணமும் வாரியத்திலிருந்து வெளியே செல்லாது.’ அவ்வளவுதானுங்க. அடிச்சதும் எனக்கு அனுப்புங்க, படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

வந்தது, படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னார். உறுதிமொழியில் நிம்மதியாகக் கையெழுத்திட்டார், அது பொய்யில்லை.

ஷாலினி பிரிண்ட் எடுத்து, மேல் தாளை மடக்கி, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி வைத்து, பதினெட்டுக் கோப்புகளுக்கு நடுவில் செருகி அனுப்பினார். எதையும் மறைப்பதற்காக இல்லை. அங்கே எல்லாத் தாளும் அப்படித்தான் போகும். ஏழு பேரும் பதினொரு நிமிடத்தில் பச்சை மையில் போட்டார்கள். சீல் விழுந்தது.

முதல் தேதி ஜெகதீஸ்வரன் பணியில் சேர்ந்தார். பாலசுந்தரம் நூற்று நாற்பத்திரண்டு கோப்புகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“கையெழுத்துப் போடற இடத்துல ஸ்கேலை வெச்சுக் காட்டறேன் தம்பி, அதுக்கு மேல போட்டுட்டே வாங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்.”

“டைப் அடிச்ச ஃபைல் குடுங்க சார். படிச்சுட்டுப் போடறேனுங்க.”

“படிக்கறதா? யாரு சொன்னது?”

“திருத்த ஆணைல இருக்குதுங்க.”

“அதுல யாரு போட்டது இப்படி?”

“நீங்கதானுங்க சார். அஞ்சாவது கையெழுத்து.”

ஆணையை மாற்ற முடியாது. கையெழுத்து இருக்கிறது, சீல் இருக்கிறது. வேறு வழியில்லாமல் ஃபைல்கள் எழுத்தாக வரத் தொடங்கின. ஜெகதீஸ்வரன் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். ஒரு பதவி உயர்வு ஆணையில் நாலு வருடம் முன்பு இறந்துபோனவர் பெயர் இருந்தது. ஒருவர் இரண்டு தடவை ஓய்வு பெற்றிருந்தார். வெள்ளப் பாதுகாப்புச் சுற்றறிக்கையின் நடுவில் ஆண்டு விழா சாப்பாட்டுப் பட்டியல் கிடந்தது. எல்லாவற்றையும் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பினார். முதல் வாரத்தில் வெளியே போனவை ஒன்பது. நாலாயிரம் ஆணை போட்ட வாரியம் நின்றுவிட்டது. ஊழியர்கள் அவரைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். பாலசுந்தரம் டீ வாங்கிக்கொடுப்பதை விட்டுவிட்டார்.

இரண்டாவது திங்கட்கிழமை இயக்குநர் ஷாலினியைக் கூப்பிட்டார். “அந்த ஆளுக்கு ஒரு மெமோ அடிம்மா. பணியில் அளவுக்கு மீறிய தாமதம், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு மூணு நாள்ல விளக்கம். இதையாவது புதுசா அடி. ஸ்கேன் கீன் பண்ணாத. படிக்க முடியலைன்னு சொல்லித் தப்பிச்சிருவான். ஒரு எழுத்து விடாம அவன் காதுல விழணும்!”

மெமோ வந்தது. தலைப்பு, தேதி, பத்தி எண் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. திரைவாசிப்பான் எங்கேயும் தடுக்காமல் வாசித்தது. ஜெகதீஸ்வரன் மறுபடி ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டார். அவர் படித்தே தீர வேண்டும் என்று இந்த அலுவலகம் மனதார ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. மெமோ என்றாலும் அது அவருக்கு நன்றாக இருந்தது.

பரிசோதகரின் கையொப்பம் இல்லாமல் வாரியத்தின் எந்த ஆவணமும் செல்லாது, மெமோவும் ஆவணம்தான். கையெழுத்துப் போடாமல் மேசையிலேயே வைத்துக்கொண்டிருந்தால் அவரை யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஷாலினி தன் இடத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிழை ஏதும் இல்லை. முழுவதும் வாசிக்கத்தக்கது” என்று குறிப்பெழுதி, கையெழுத்திட்டு, ஜெகதீஸ்வரன் அதை வெளியே அனுப்பினார்.